சிவப்புத் துணி கட்டிய கரை

அன்று குளத்துக் கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீங்கள், நான், பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து வந்திருந்த பாக் மாட், என் மகள் சாந்தியின் புருஷன் மகேந்திரன், அவருடைய கூட்டாளி கோபி. யார் எங்கே நின்றார்கள், யார் காலில் செருப்பு இருந்தது, யார் காலில் இல்லை என்பது வரைக்கும் இன்றும் சொல்வேன். செருப்பில்லாமல் ஓடியது நீங்கள்தான், அக்கா.

இன்று காலை நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அத்தை, பாருங்க. பெரியம்மாவைப் பத்திப் போட்டிருக்கேன்" என்றார். கை முழுக்க நெத்திலி வாடை. கழுவக்கூட விடவில்லை.

நம் குளம்தான். ஒரு குச்சியை நட்டு அதில் சிவப்புத் துணியைக் கட்டுகிறார். "விரால் குஞ்சு சிவப்பா இருக்கும்போது தாயைப் பிடிக்காதீங்க. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க பெரியம்மா" என்று சொல்கிறார். அதற்குப் பிறகு உங்கள் படம் வருகிறது. சாந்தி கல்யாணத்தில் எடுத்தது, நீலப் புடவை. பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். கீழே ஊரே கைகூப்பி எழுதியிருக்கிறது, நல்ல பிள்ளை, நல்ல மனசு என்று. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அன்று அந்தத் தாயைப் பிடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"எப்படி இருக்கு அத்தை?"

"படம் தெளிவா இருக்கு" என்றேன். மறுபடி நெத்திலிக்குத் திரும்பிவிட்டேன்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. மெதுவாகத்தான் போகும். நீங்கள் எப்போதும் அவசரப்பட்டதில்லை.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆபீசை இடித்தார்கள். குளத்தை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் மத்தியானச் சோற்றை முடித்துக்கொண்டு ஆளுக்கொரு தூண்டிலோடு அங்கேதான் போனோம். கங்கோங் கீரைக் கொடிக்கு நடுவே தண்ணீர் உலை கொதிப்பது போலக் குமிழியிட்டால், குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வந்திருக்கின்றன என்று அர்த்தம். நூற்றுக்கணக்கில், மிளகாய்த் தூள் கொட்டிய மாதிரி சிவப்பாக. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கும் இடத்தில் யாரும் தூண்டில் போட மாட்டார்கள். குஞ்சுகள் கறுத்துப் பிரிந்து போன பிறகுதான் அவிழ்ப்போம். நீங்கள் பழைய கைலியைக் கிழித்துக் கட்டுவீர்கள். பாக் மாட் தன் சாரோங்கைக் கிழிப்பார். இதற்கென்று கூட்டம் போட்டு யாரும் முடிவு செய்யவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

காவல் நிற்கும் விரால் பசிக்காமலே கடிக்கும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்து விழுந்தாலும் பாயும். அதைப் பிடிக்கத் திறமை வேண்டாம். அதனால்தான் துணி.

மாப்பிள்ளையைக் குளத்துக்கு அழைத்துப் போனது நான்தான். சாந்திக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். புண் ஆற விரால் சூப் வேண்டும். பசாரில் விற்பது வளர்ப்பு மீன், சவசவ என்று இருக்கும். எனக்கு அன்று முழங்கால் வீக்கம், தண்ணீர் ஓரம் இறங்க முடியாது. மாப்பிள்ளைக்குக் கூலிம் பட்டணத்தில் பேக்டரி வேலை. அன்று அவருக்கு லீவு. மெஷின் வைத்த தூண்டில் கோலும், தவளை மாதிரியே செய்த ரப்பர் பொம்மையும் வைத்திருந்தார். மீன் பிடிக்கிற வீடியோ போடுவதற்கென்றே தனியாக ஒரு பக்கமும் வைத்திருந்தார். கோபிதான் படம் எடுப்பவன்.

உங்களிடம் கேட்டேன். "சாந்திக்குத்தானே, கேக்கணுமா? அந்தக் கரையில போடச் சொல்லு. துணி பக்கம் வேணாம். குளம் எங்க இருக்குன்னு படத்துல காட்டவும் வேணாம்" என்றீர்கள். மாப்பிள்ளையும் கோபியும் தலையாட்டினார்கள்.

அரை மணி நேரம் அந்தக் கரையில் ஒன்றும் மாட்டவில்லை. நானும் நீங்களும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தோம். பாக் மாட் தன் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுத் திரும்பினால், துணி கட்டிய இடத்தில் நின்று மாப்பிள்ளை மெஷினைச் சுற்றுகிறார். வளைந்த கோலின் நுனியில் என் கை நீளத்துக்குத் தாய் விரால். கோபி கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

நீங்கள் எழுந்து ஓடினீர்கள். "டேய் பாவிகளா! புள்ளைங்க நிக்கிதுடா! தாயைத் தூக்குறியே!" கரைச் சேறு வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தண்ணீர் பக்கம் நீட்டி மறுபடியும் கத்தினீர்கள்.

பாக் மாட் எழுந்து வந்து தண்ணீரைப் பார்த்தார். குஞ்சுகள் சிதறிப் போயிருந்தன. பனையேறிக் கெண்டைகள் வந்து கொத்தத் தொடங்கியிருந்தன. "கெசியான் லா. அனாக் டியா பாஞாக் லாகி" என்றார். பாவம், இன்னும் இத்தனை குஞ்சு இருக்கிறதே என்று. தன் தூண்டில் நரம்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த மீனைச் செதில் சுரண்டிச் சுத்தம் செய்தது நான். மிளகும் பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டுச் சூப் வைத்ததும் நான். சாந்திக்கு ஒன்றும் தெரியாது. வாசனையாக இருக்கிறது என்று இரண்டு கிண்ணம் குடித்தாள்.

இரண்டாம் நாள் வீடியோ வந்தது. மீன் கொஞ்சம்தான். நீங்கள்தான் நிறைய. நீங்கள் ஓடுவது, விழுவது, மறுபடி விழுவது. ஒரே விழுதலை மூன்று தடவை ஒட்டிக் கோமாளிச் சங்கீதம் போட்டிருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை வந்து, "மச்சி, செலம்பாவ் பக்கம் பழைய எஸ்டேட் குளம். செவப்புத் துணி எங்க இருக்கோ அங்க போடுங்க, கேரண்டி" என்று கட்டை விரலைக் காட்டினார்.

நான் சிரித்தேன், அக்கா. சாந்தியும் சிரித்தாள். வயிற்றுப் புண் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அந்தக் கடைசி வார்த்தையும் என் காதில் விழத்தான் செய்தது.

அடுத்த வாரம் மளிகைக் கடை வாசலில் உங்களைக் கண்டதும் மோட்டாரில் போனவன் ஒருவன் "புள்ளைங்க நிக்கிதுடா!" என்று கத்திக்கொண்டு போனான். உங்களுக்குப் புரியவில்லை. யாருடைய பிள்ளை என்று திரும்பிப் பார்த்தீர்கள். குளத்தில் புது முகங்கள் வரத் தொடங்கின. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு காடி நிறைய ஆட்கள், அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு காடி. "எப்படிடி பாக்கியம், துணி கட்டுன இடத்துலயே சரியா வந்து நிக்கிறானுங்க? காவலுக்குக் கட்டுனது கூப்புட்டு வுட்ட மாதிரி ஆயிருச்சே" என்று என்னிடம் கேட்டீர்கள். "தெரியலக்கா" என்றேன்.

கடைசியில் பாக் மாட்டின் மகன்தான் உங்களுக்குப் படத்தைக் காட்டியது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தீர்கள். நாற்காலியில் உட்காரவில்லை. சமையல்கட்டு வாசலிலேயே நின்றீர்கள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சிரிச்சியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிரிச்சேன்க்கா."

"நானுந்தான் சிரிச்சேன். நான் வுழுந்தது நல்லாத்தான் இருந்துச்சு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஆனா துணியைப் பத்தி நீ சொல்லியிருக்கலாம் பாக்கியம். நான் பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இருந்தேனே."

மறுநாள் இருவரும் போனோம். நாலு இடத்தில் துணி இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்தீர்கள். குச்சியையும் பிடுங்கினீர்கள். குச்சி நட்ட குழியைக் கால் கட்டைவிரலால் மூடினீர்கள். அப்புறம் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி இருந்த உங்கள் பெரிய குடையைக் கரையில் ஊன்றி, அடியில் உட்கார்ந்து, பல்லால் தூண்டில் முள்ளைக் கடித்து எடுத்துவிட்டு, வெறும் நரம்பைத் தண்ணீரில் விட்டீர்கள். நேரே முன்னால் சிவப்புக் குஞ்சுகள்.

ஒருவர் நரம்பு விட்டிருக்கும் இடத்தில் இன்னொருவர் போட மாட்டார். வீடியோ எடுக்க வந்தவர்கள்கூட அந்த ஒரு மரியாதையை மட்டும் வைத்திருந்தார்கள். அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"பாட்டி, ஒண்ணும் மாட்டலயா?"

"இல்ல தம்பி. மீனே இல்ல போல."

"பின்ன ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"வூட்ல உக்காந்தா மருமக ஏசுறா, அதான் லா."

உங்களுக்கு மருமகள் கிடையாது. அவர்கள் போன பிறகு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். ராசியில்லாத பாட்டி என்று உங்களை மறுபடியும் படம் எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று குடையை வசதியாகச் சாய்த்துக் கொடுத்தீர்கள். அந்த வருஷம் இரண்டு கூட்டம் குஞ்சுகள் உங்கள் காலடியிலேயே கறுத்துப் பிரிந்து போயின.

தீபாவளிக்கு மாப்பிள்ளையைச் சாந்தி உங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தாள். முறுக்கு டின்னைக் கீழே வைத்துவிட்டுக் காலில் விழுந்தார். பழைய வீடியோவை எடுத்துவிட்டேன் என்றார்.

"எந்திரிங்க மாப்ள. சாந்திக்குப் புண்ணு ஆறிருச்சுல்ல, அது போதும். எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. அதே ஹேண்ட்போன்ல வந்து, அன்னிக்குத் தாயைப் புடிச்சது நான்தான், துணியைக் காட்டிக் குடுத்ததும் நான்தான், தப்புன்னு சொல்லிருங்க. என்னைப் பத்திப் பேச வேணாம். உங்களப் பாத்துத்தான் மத்தவனும் செய்யிறான். உங்க வாயால சொன்னாத்தான் வுடுவான்."

"சொல்றேன் பெரியம்மா. சத்தியமா."

அதற்குப் பிறகு குடைக்கடியில் உட்கார்ந்து என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! "சொல்லிட்டாரா?" "இன்னும் இல்லக்கா. ஷிப்ட் மாறிருச்சு, அதான்." "சொல்லிட்டாரா?" "அடுத்த வாரங்க்கா." நீங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. கேட்க மட்டும் செய்தீர்கள். தைப்பூசம் கழிந்து ஒரு காலையில் தேத்தண்ணீர் கலக்கியபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள் என்று சொன்னார்கள். நான் வந்தபோது அடுப்பை யாரோ அணைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம்கூடக் கேட்டிருந்தீர்கள்.

இன்று மத்தியானம் சோறு போடும்போது நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எல்லாம் சொன்னீங்க. நீங்கதான் புடிச்சீங்கன்னு சொல்லலயே?"

"அத்தை, நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேருதுல்ல? அதைச் சொன்னா என் பேரு கெட்டுரும். அப்புறம் நான் சொல்றத யாரு கேப்பா? பெரியம்மாவே மன்னிச்சுட்டாங்க. நீங்க இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

சாந்தி என்னைப் பார்த்தாள். பேத்தி அப்பளம் கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவர் கெட்டவர் இல்லை. என் முழங்காலுக்கு மாத்திரை வாங்கி வருவது அவர்தான். இதை எழுதப் போட்டிருக்கும் கண்ணாடியும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். நீங்கள் மன்னித்தது உங்கள் மனசு, அக்கா. நீங்கள் கேட்டது பாக்கி நிற்கும்போது நான் எப்படி மன்னிப்பேன்?

சாப்பிட்டதும் குளத்துக்குப் போனேன். காலையில் பார்த்த வீடியோவில் அவர் துணி கட்டியது வாய்க்கால் ஓரம், கொடியில்லாமல் ஓடுகிற தண்ணீர். அங்கே எந்த விராலும் குஞ்சு பொரிக்காது. வெளிச்சம் நன்றாக விழும் இடம் என்று கட்டியிருக்கிறார். குஞ்சுகள் தாமரைப் பக்கம் இருந்தன. அங்கே உட்கார்ந்து என் வெறும் நரம்பை விட்டேன். முள்ளை எடுக்க எனக்குப் பல் இல்லை. கத்தரித்துவிடுவேன்.

கூலிம் பக்கத்திலிருந்து ஓர் இளம் ஜோடி மோட்டாரில் வந்தது. புருஷன் கையில் தூண்டில் கோல், பெண் கையில் கைத்தொலைபேசி.

"பாட்டி, இதுதானே வீடியோல வந்த குளம்? அந்தப் பெரியம்மா குளம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஆமா."

"காலையில பாத்து நான் அழுதுட்டேன் பாட்டி. எவ்ளோ நல்ல கதை!"

"நீ பாத்தது பாதி. மீதியைக் கேக்குறியா? உக்காரு."

இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள். தாய் விராலைச் சொன்னேன். சேற்றில் நீங்கள் விழுந்ததையும், நான் சூப் வைத்ததையும், சிரித்ததையும் சொன்னேன். துணியை எப்படிக் காட்டிக் கொடுத்தார்கள், நீங்கள் எப்படி அவிழ்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எத்தனை தடவை கேட்டீர்கள் என்பதைச் சொன்னேன். அந்தப் பையன் தன் ரப்பர் தவளையை நரம்பிலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தான். அவள் கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு பாட்டி அந்த ஆளு? எங்க இருக்கான்?"

அவர் வாயால் சொல்லும் வரைக்கும், இந்தக் கரைக்கு வந்து கேட்கிற எல்லாருக்கும் என் வாய்தான் சொல்லும். அவளுக்கும் சொன்னேன்.

"என் வீட்டுலதான் இருக்காரு. என் மக புருஷன், மகேந்திரன்."