அந்தோணியின் சிலுவைத் துண்டு

12-10-1978, வியாழன்

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அந்தோணிக்கு நாளைக் காலை வயிற்றில் ஆபரேஷன். அவன் கழுத்துச் சங்கிலியில் ஒரு கண்ணாடிச் சிமிழ், அதற்குள் ஒரு மரச்சில்லு. ஏசுசாமியை அறைந்த சிலுவையின் துண்டாம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும் அதை வைத்துக் கேலி செய்வதை நான் விடவில்லை.

"டேய், இது நம்ம மைன்ஸ்ல வெட்டுற பழுப்பு நிலக்கரிடா! அந்தக் கரிக்கட்டையும் மரம் மாதிரியேதான் இருக்கும்."

"கரிக்கட்டைன்னா காத்து பட்டு உதிர்ந்திருக்கும். இது எங்க தாத்தா காலத்துது."

"உங்க தாத்தாதான் காத்து படாம மூடி வெச்சிட்டாரே!"

சிரித்துக்கொண்டே சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தான். "தியேட்டருக்குள்ள இது கூடாதாம். நீயே வெச்சிரு. பொய்யின்னு சொல்றவன்தான் திருட மாட்டான்."

பிழைத்துக்கொள்வான், சின்ன ஆபரேஷன்தான். சிமிழ் இப்போது எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரிக்கட்டைதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் இன்றைக்கு ராத்திரி சாமி விளக்கை அணைக்க வேண்டாமென்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன்.