மூன்றாம் நாள் காய்ச்சல்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் டெங்கு நுளம்புக்குப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். யன்னலைச் சாத்துவதற்குள் மண்ணெண்ணெய் வாசம் வீடு முழுக்க வந்துவிட்டது. கூடப் படித்து, ஒரே வார்ட்டில் டொக்டராக என்னோடு மாரடித்த உன்னை நினைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன்.

போன மாதம் ஆஸ்பத்திரி மண்டபத்தில் எங்களை இருத்தி ஒரு பயிற்சி தந்தார்கள். களைத்துப்போன டொக்டர்மாருக்குக் கருணைப் பயிற்சியாம். நீ இருந்திருந்தால், "கருணை இருக்கட்டுமடி, முதல்ல இன்னும் ரெண்டு டொக்டர்மாரைத் தரச் சொல்லு" என்றிருப்பாய். நானும் அப்படியொரு முகத்தோடுதான் போனேன். நீ போனபிறகு எனக்கு ஒன்றுமே உறைக்காமல் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாய் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழ, நான் ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்திருந்தேன்.

கண்ணை மூடச் சொன்னார்கள். முதலில் பிரியமான ஒருவரை நினைத்து, அவர் சுகமாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லவேண்டும். பிறகு முன்பின் தெரியாத ஒருவரை. பிறகு எரிச்சலூட்டுகிற ஒருவரை. உனக்கு இதையெல்லாம் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வார்ட்டில் எல்லாரையும் ஏசித் தள்ளிய அந்த இரத்மலானை ஐயாவுக்கே தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தவள் நீ. "பாவம், அவருக்குப் பயமடி" என்பாய்.

கடைசியாக, "இப்போது உங்களையே நினைத்துச் சொல்லுங்கள்" என்றார் பயிற்சி தந்தவர். என்னை நினைக்கப் போனால் உன் முகம்தான் வந்தது.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் கட்டாயம் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று டெங்குக் காலத்தில் ஒவ்வொரு தாயிடமும், தமிழிலும் சிங்களத்திலும், தொண்டை வறளச் சொன்னவள் நீ. உனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்றாம் நாளும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வார்ட்டுக்கு வந்தாய். சோதிக்க இரத்தம் குடுடி என்று நான் கெஞ்ச, "நான் படுத்தா இந்தச் சனத்தை ஆர் பாக்கிறது? நாளைக்குக் குடுக்கிறன்" என்றாய். அடுத்தநாள் எங்கள் வார்ட்டிலேயே மயங்கி விழுந்தாய். பிறகு நாங்கள் செய்த ஒன்றும் உன்னைப் பிடித்துவைக்கவில்லை. உன்னில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் விம்மி விம்மி அழுதேன். உன் செத்தவீட்டில்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு வேலையை விடும் கதையை நான் எடுக்கவில்லை. வார்ட்டில் ஆள் குறைவுதான், ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் ஒருவர் அழுதால் இப்போது எனக்குக் கேட்கிறது.

முந்தநாள் எனக்கும் உடம்பு காய்ந்தது. இன்று மூன்றாம் நாள். புகை வாசத்துக்குள் நின்றபடியே வார்ட்டுக்கு ஃபோன் எடுத்து, இன்றைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். பிறகு போய், சனத்தோடு சனமாக இருந்து சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து, கட்டிலில் படுத்திருந்து இதை எழுதுகிறேன். முடிவு பின்னேரம் வரும்.

இரத்தம் எடுக்க ஊசி குத்திய சிங்களப் பிள்ளை என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "ரிதெனவத டொக்டர்?" என்று கேட்டாள், நோகுதா என்று. எனக்குத் தமிழ்தான் வாயில் வந்தது.

"ஓம்" என்றேன். "நல்லா நோகுது."