பீரங்கிமேல் கை வைத்தவனுக்கு

இன்று மத்தியானம் கூட்ஸ் ஷெட்டில் கையைச் சுட்டுக்கொண்டேன். கிள்ளானிலிருந்து வந்த வேகன் ஒன்று காலை முதல் வெயிலில் நின்றிருந்தது. சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவன், ஏதோ நினைப்பில் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டேன். "ஆத்தாடி!" என்று நான் போட்ட கூச்சலில், மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன கிராணி, மலாயா வெயிலுக்குப் புதுசா?" என்று ஒருவன் கேட்க, ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். பிறகு நிழலில் போய் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். நடக்கவும் முடியவில்லை.

நீ போய்விட்டாய் என்று கடுதாசி வந்து நாற்பது நாளாகிறது. இந்த நாற்பது நாளும் உன்னை நினைக்காமல் இருக்க நான் என்னென்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பேர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். சரியாகக் கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் போய்ப் பந்தி பரிமாறினேன். ஒரு தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. யாருக்கு அனுப்ப இதை எழுதுகிறாய் என்று கேட்காதே. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவன் நான். இப்போது சொல்கிறேன், கேள்.

எல்லாம் என் வாயில் தொடங்கியதுதான். நீ சர்வே ஆபீஸில் சங்கிலி பிடிக்கிறவன், நான் ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி. பிரிக்ஃபீல்ட்ஸில் நமக்கு ஒரே அறை, ஒரே அடுப்பு. நிலம் அளக்க உன்னைக் கோலாசிலாங்கூருக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவன் வேறு ஆளாக வந்தாய். அங்கே மலைமேல் கோட்டையாம், சுல்தானாம், டச்சுக்காரனாம், கடலைப் பார்த்து நிற்கிற பீரங்கியாம். மலையைக் காவல் காக்கிற மலாய்க்காரக் கிழவர் ஒருவர் உன்னைப் பிடித்து உட்காரவைத்து எல்லாக் கதையும் சொல்லியிருக்கிறார். அதை நீ சோறு வடிக்கும்போது சொன்னாய், துணி துவைக்கும்போது சொன்னாய், நான் சவரம் செய்யும்போது சொன்னாய். எனக்குப் பொறுக்கவில்லை. "என் உயிரை ஏண்டா வாங்குறே? ஒரு பஸ்ஸைப் புடிச்சு ஊரையே ஏத்திக்கிட்டுப் போய்ச் சொல்லேன்!" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்னதை நீ யோசனையாக எடுத்துக்கொண்டாய். அடுத்த மாதமே ஒரு வாடகை பஸ் நம் தெருமுனையில் வந்து நின்றது. ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் புளிச்சோறும் கூஜாவுமாக ஏறின. விடியற்காலையில் கிளம்பினால் முதலில் கிள்ளான். ஆற்றங்கரையில் பழைய ஈயக் கிடங்கு, மேட்டில் மண்கோட்டை. அப்புறம் காப்பார் வழியாகக் கடலோரமாகவே போய், உச்சி வெயிலுக்குக் கோலாசிலாங்கூர் மலை. திரும்பும்போது சுங்கை பூலோ வழி. பொழுது சாய வீடு. ஆட்களைச் சேர்ப்பது என் வேலை. பேசுவது உன் வேலை.

நீ பேசினால் எப்படி இருக்கும்! முதல் பயணத்திலேயே முன் வீட்டு அக்கா உன்னை மடக்கினாள். "ஏன் தம்பி, கோட்டை கோட்டைன்னு கூட்டியாந்தீங்க, ஒரு செவத்தையும் காணோமே லா?" நீ அசரவில்லை. "எடத்தை மட்டும் பாருங்கக்கா, செவத்தை நான் எழுப்புறேன்" என்றாய். எழுப்பவும் செய்தாய். டச்சுக்காரன் கப்பல் அந்தச் சேற்றுக்கு அப்பால் எங்கே நின்றது, சுல்தான் ஆட்கள் எந்தப் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள், தப்பு செய்தவனை எந்தப் பாறையில் நிறுத்தினார்கள் என்று நீ சொல்லச் சொல்ல, புளிச்சோற்றை வாயில் வைத்தவர்கள் மென்று விழுங்க மறந்தார்கள். கைத்தடியால் பயண வழியெல்லாம் சுட்டிக் காட்டிய நீ, பீரங்கிக்கு வந்ததும் தடியைக் கீழே வைத்துவிட்டு வலது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டாய். கதை முடியும்வரை எடுக்கவில்லை.

அக்காவின் குழந்தை உன்னைப் பார்த்துத் தானும் பீரங்கியைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், வீறிட்டு அழுதது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் கையைப் பார்த்தாள். "ஐயையோ, தம்பி! உங்களுக்குச் சுடலையா?"

அப்போதுதான் நீயும் உன் கையைப் பார்த்தாய். "சுடலையேக்கா" என்றாய், உனக்கே ஆச்சரியமாக.

அந்த வருஷம் ஆடியில் அம்மன் கோயில் தீமிதியில் இறங்கியவன் நீ. அது எல்லாருக்கும் தெரியும். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கால்ல நின்னவ கையிலயும் வந்து நிக்கிறா, தாயே!" அவ்வளவுதான். பஸ்ஸில் வந்த நாற்பது பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. உனக்கும் எனக்கும்கூட.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கோட்டை பார்க்க வந்தவர்களைவிட உன் கையைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். நான் பாசார்ச் சந்தையில் நின்று கூவாத குறைதான். "வெயில்ல காஞ்ச பீரங்கியில கை வெப்பாரு, முகம் சுளிக்க மாட்டாரு, வந்து பாருங்க!" என்றேன். செவ்வாய், புதனில் உன் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பும். நான்தான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போடுவேன். "வலிக்குதாடா?" என்பேன். "இல்லடா, அதான் அதிசயம்" என்பாய். அருள் என்றால் கொப்புளம் ஏன் வருகிறது என்று கேட்க இரண்டு மடையர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒருவருக்குத்தான். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஞாயிறு மனைவியோடு நம் பஸ்ஸில் வந்தாரே, அவருக்கு. நீ பீரங்கியடியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என் தோளைத் தொட்டு, மலைமேலிருந்த கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, உது அருள் இல்லை. உம்மடை கூட்டாளிக்கு அந்தக் கையிலை உணர்ச்சி செத்துப்போச்சு. முழங்கையடியிலை வெளிறின தேமல் ஒண்டு கிடக்கு, கண்டனீரோ?"

"தேமல்தானேங்க."

"தேமல் எண்டால் கிள்ளினால் நோகும். அவருக்கு நோகாது, வேணுமெண்டால் கிள்ளிப் பாரும். இது பெருவியாதியின்ரை தொடக்கம்." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பயப்பிடாதையும். வெள்ளெனக் கொண்டுவந்தால் ஊசி இருக்கு. ஆனால் இனி அந்தக் கையிலை ஒரு சூடும் படக்கூடாது. புண் வைச்சால் விரல் போகும். நான் சொல்லட்டோ, நீர் சொல்லுறீரோ?"

"நானே சொல்றேங்க. என் கூட்டாளி."

"இந்தக் கிழமைக்குள்ளை சொல்லிப்போடும். நான் நாளைக்குச் சிரம்பானுக்கு வேலையாப் போறன், வர மூண்டு கிழமை செல்லும்."

அன்று திரும்பும் வழியில் சுங்கை பூலோ முச்சந்தி வந்தது. பெருவியாதிக்காரர்களை வைத்திருக்கும் குடியிருப்புக்குப் போகிற பாதை அங்கேதான் பிரிகிறது. அந்த இடம் வந்தால் பஸ்ஸில் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். நீ எப்போதும்போல் "பாவம் லா அவங்க" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? என்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். என் தட்டைத் தனியாகக் கழுவினேன். பாயை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "புழுக்கமா இருக்குடா" என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரு நாழிகை போதுமாக இருந்தது. உன்னைக் காப்பாற்ற மூன்று வாரம் போதவில்லை. துரோகம் என்றால் இதுதான், வேறென்ன?

செவ்வாய்க்கிழமை கொப்புளத்துக்கு எண்ணெய் போடும்போது வாயெடுத்தேன். "இந்த வாரம் கையை வெக்காதேடா."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவா? சனங்க அதுக்குத்தானே வராங்க?" என்று சிரித்தாய். நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டேன்.

அந்த ஞாயிறு கிள்ளான் குடும்பங்கள் பஸ்ஸை முழுதாகப் பிடித்திருந்தன. போகட்டும், இது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது ஞாயிறு, தோட்டத்திலிருந்து வந்த வயசாளி ஒருவர் பீரங்கியடியிலேயே உன் காலில் விழுந்தார். நீ துள்ளி விலகினாய். திரும்பும்போது பஸ்ஸில் உன் கண் கலங்கியிருந்தது. "நான் வெயில்ல சங்கிலி இழுக்குறவன்டா. துரை என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டான். என் கால்ல ஒருத்தர் விழுறாரு" என்றாய். அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்ன தெரியுமா? உன்னைப் பிடித்தால், கூடத் தங்கியிருப்பவன் யார் என்று என்னையும் பிடிப்பார்கள். அந்தப் பயம். அப்புறம், ஊரே கும்பிடுகிற ஆளின் கூட்டாளி என்கிற பவிசு. அதையும் விட மனசு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு பழைய புண்ணே ஆறியிருக்கவில்லை. துணி சுற்றிக்கொண்டு வந்தாய். மலைமேல் போனதும், எல்லாரும் பார்க்க அந்தத் துணியை அவிழ்த்தாய். நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றிருந்தேன். ஓடி வந்து உன் கையைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் டிரெஸ்ஸர் நம் அறைக்கே வந்துவிட்டார். வந்தவர் உன் கையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உன்னை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னங்க சொல்றீங்க, பெருவியாதியா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி! அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ அழவில்லை. "அப்ப அது அம்மன் இல்லையா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாய். அவர் உன் கைக்குப் புதுத் துணி சுற்றத் தொடங்கினார்.

உன்னைச் சுங்கை பூலோ குடியிருப்புக்குக் கொண்டுபோன பிறகு என்னையும் சோதித்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் உன்னைப் பார்க்க சுங்கை பூலோவுக்கு வந்தேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வந்து நின்றதுமே தொடங்கிவிட்டாய். "வாங்க, வாங்க. அதோ அந்த மேட்டுல தெரியுதே, அதான் எங்க ஊரு. வலது பக்கம் காய்கறித் தோட்டம், நான் போட்டது. அந்த ஓட்டுக் கொட்டகையில புதன்கெழமை நீரடிமுத்து எண்ணெய் ஊசி. அலறல் கேட்டா பயந்துராதீங்க, சுல்தான் ஆளுங்க இல்ல!" வேலிக்கு வெளியே நின்றிருந்த யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ காட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டு விரலும் அடுத்த விரலும் இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாய். கையை மறைக்கவில்லை. "சூட்டுப் புண்ணு சீழ் வெச்சுருச்சு, எடுத்துட்டாங்க. மத்தபடி வியாதி கட்டுப்பட்டிருக்குன்னு சொல்றாங்க" என்றாய், ஏதோ மரம் வெட்டிய கதைபோல.

"நான் முன்னாடியே..." என்று தொடங்கினேன்.

"தெரியும்டா. டிரெஸ்ஸரு ஒரு நாளு இங்க வந்தாரு. உன்கிட்டத்தான் மொதல்ல சொன்னாராமே. நான் துருவித் துருவிக் கேட்கவும் ஒத்துக்கிட்டாரு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீதான் பேசினாய். "விடுறா. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு அந்த மூணு ஞாயித்துக்கெழமை கெடைச்சிருக்காதுல்ல?"

சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா, அறையில் யார் இப்போது உன்னோடு இருக்கிறார்கள், முன் வீட்டு அக்கா சௌக்கியமா என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். மணி அடித்ததும் நான் கிளம்பினேன். "அடுத்த மாசம் வரேன்டா" என்றேன். "வா" என்றாய்.

நான் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. நாலு வருஷம்! ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. கடைசியில் காய்ச்சல் கண்டு நீ போனதைக் கடுதாசியில்தான் படித்தேன்.

மூன்று ஞாயிறு என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை இந்த நாலு வருஷமாக நான் சுமந்துகொண்டு அலைகிறேன். நீ அதை என்ன மனசோடு சொன்னாய்? சில நாள், மன்னித்துத்தான் சொன்னாய் என்று தோன்றும்; அன்றைக்குச் சோறு இறங்கும். சில நாள், மூன்று ஞாயிறுக்கு இரண்டு விரல் என்று விலை சொன்னாய் என்று தோன்றும். அன்றைக்கு யார்மேலாவது எரிந்து விழுவேன். உன்னிடமே வந்து கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்தபடி ஏதாவது சொல்வாய், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது என்றுதான் வராமலே இருந்தேன்.

என்னைத் திட்டியிருக்கலாம்டா நீ. அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நாலு பேர் கேட்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு தடவை திட்டியிருந்தால், அடுத்த மாதமே நான் மறுபடி வந்திருப்பேன்.