ஞாயிற்றுக்கிழமைத் துண்டுச் சீட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், மழை வருவதற்கு முன்னால் முழங்கால் மட்டும் தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி உடம்புக்குக் குறை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் எட்டு மாதமாகப் பொய் சொல்லிப் பழகிவிட்டேன், அதைக் கையில் எடுத்தாலே வாய் தானாகப் பொய்க்குப் போகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பாதியில் தூக்கிப் போட்டுவிடாமல் கடைசிவரை படி, கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் டிரைவிங் ஸ்கூல் பெயருக்குத்தான் திறந்திருக்கிறது. உன் அப்பா பெண்ணாக வாழப்போகிறேன் என்று சொல்லி, அப்படியே உடுத்திக்கொண்டு வெளியில் வரத் தொடங்கிய மாதமே ஆண்கள் வருவது நின்றுவிட்டது. பெண்களுக்குப் பெண்ணே சொல்லிக் கொடுத்தால் நல்லதுதானே, கூட்டம் வரும் என்று நான் கணக்குப் போட்டேன். நான்கு பேர் வந்தார்கள், மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், நான்காம் நாள் யாரும் வரவில்லை. இரண்டு காரில் ஒன்று உறை போட்டு நிற்கிறது, அதற்கு அடியில் ஒரு பூனை குடும்பம் நடத்துகிறது. லைசென்ஸ் ஆபீசில் பெயர் மாற்றப் போனபோது, இருபது வருஷமாக நம் வீட்டுக்கு வந்து காபி குடித்த அந்த கிளார்க், ஜன்னல் வழியாகப் பழைய பெயரைச் சத்தமாக இரண்டு தரம் கூப்பிட்டான். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உன் அப்பா ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் பழையபடி பேப்பர் படித்து முடித்ததும் கொடுத்தனுப்புகிறார், அந்த ஒரு மனிதருக்காகத்தான் நான் இன்னும் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

அப்பா என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைக்கு நான் அப்பாதான், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன் என்று முதல் நாளே சொன்னவர் அவர். எனக்கும் ஒன்றும் பெரிய சிரமம் இல்லை, இருபத்தெட்டு வருஷமும் இங்கே பாருங்கள், உங்களைத்தான் என்று கூப்பிட்டே காலம் தள்ளியவளுக்குப் பெயர் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. சிரிக்கலாம் என்று எழுதினேன், எனக்கே சிரிப்பு வரவில்லை. ஒரு தரம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம், நர்ஸ் எங்களைப் பார்த்து நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்குப் புருஷன் இல்லை என்பது உறைத்தது. செத்தும் போகவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை, எதிரே உட்கார்ந்து எனக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் இல்லை. யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்ட முடிந்தால் மனசு ஆறும், திட்டுவதற்கு ஆள் இல்லையே, அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? கல்யாணமான நாளிலிருந்து தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பவர், உனக்கே தெரியும், அடுத்த அறைக்குக் கேட்கும். இந்த இரண்டு வருஷமாகக் கடிக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு, அதாவது கேட்காமல், பக்கத்து அறையில் நான் படுத்திருந்தேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

இப்போது பொய்யைச் சொல்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ, அந்த ஆள் அந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் நான் போன் பண்ணமாட்டேன்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். மூன்று ஞாயிறு கூப்பிடவில்லை. பிடித்தால் பிடித்த பிடிதான் உனக்கு, அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்து உன் அப்பாதான், நான் ஆபீஸ் மாடிக்குக் குடிபோய்விட்டேன் என்று சொல்லிவிடு, அவள் பேசட்டும் என்றார். சொன்னேன், நீயும் கூப்பிட ஆரம்பித்தாய். ஆனால் அவர் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ கூப்பிடும்போது நான் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைப்பேன், அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூச்சு விடும் சத்தம்கூட வராது. கார் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்வது என்ன புதுசா? கேட்க வேண்டியதை ஸ்கூலின் பழைய வருகை அட்டைகளின் பின்பக்கம் எழுதி என் பக்கம் தள்ளுவார். மேலதிகாரி இன்னும் கத்துகிறாரா என்று கேள். புது வீட்டில் தண்ணீர் ஒழுகியதே, சரி செய்தார்களா. காரில் டயர் எப்போது மாற்றினாள். நான் அதை என் கேள்வி மாதிரிக் கேட்பேன். உனக்கு எப்போதிருந்தும்மா டயரைப் பற்றியெல்லாம் தெரியும் என்று நீ ஒரு நாள் சிரித்தாய், அன்றைக்கு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். வாரம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறும் அங்கேதான் இருந்தார். நீ கல்யாணம் முடிவானதைச் சொன்னாய், அவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் நீ, அவங்க வீட்டில் அப்பா மூணு வருஷத்துக்கு முன்னாடியே மாரடைப்பில் போயிட்டார்னு சொல்லிட்டேன்மா, நீயும் வந்து அப்படியே சொல்லிடு, மாத்திச் சொல்லி என் வாழ்க்கையைக் கெடுத்துடாதே என்றாய். உன் அப்பா பஸ்ஸில் போனாலும் முன்னால் ஒரு வண்டி குறுக்கே வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பாரே, நீகூடக் கேலி செய்வாய். நீ அதைச் சொன்னபோது மேசைக்கு அடியில் அவர் கால் தரையை அப்படி மிதித்தது. என் செருப்பின் மேல் பட்டது. நான் சரிம்மா என்றேன், வேறு என்ன சொல்வேன்? போனை வைத்த பிறகும் அவர் அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. எழுந்து இரண்டு பேர் தட்டையும் கழுவி வைத்தார். மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றார். செத்தவன் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கக் கூடாது என்று சொல்லிச் சிரித்தார். எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் பெண்களுக்கென்று நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், என்னை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டாராம். போகாதீர்கள் என்று சொல்லாமல் கார் சாவியை எடுத்தேன். அவர் இருந்தால் நீ இல்லை, நீ வேண்டுமென்றால் அவர் இருக்கக் கூடாது. பஸ் நிலையம் வரைக்கும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன், வழியெல்லாம் பக்கத்துச் சீட்டில் அவர் கால் சும்மாவே இருந்தது.

இதையெல்லாம் எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட இல்லை. எனக்கு இருந்த ஒரே அப்பா இல்லாமல் போய்விட்டார் என்று நீ அழுததை நான் மறக்கவில்லை, அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள் என்றும் கேட்கவில்லை, நீ வாங்கமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வருவேன், மூன்று வருஷமாயிற்று, மாரடைப்பு என்று சொல்வேன். பொய் சொல்லத்தான் எனக்கு இப்போது நல்ல பழக்கம் ஆயிற்றே. ஆனால் உயிரோடு இருக்கிறவரைச் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இந்த வீட்டில் எப்படிப் படுப்பேன் என்றுதான் தெரியவில்லை.

நீயும் உனக்கு வரப்போகிறவரும் ஒற்றுமையாக, ஒருவருக்கொருவர் எதையும் மறைக்க வேண்டிய நிலை வராமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். அது என் ஆசீர்வாதம், கேட்டால் அவருடையதும் அதுதான். இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், போன ஞாயிறு நீ கல்யாணச் செய்தியைத் தொடங்கும் முன் அவர் எழுதித் தள்ளியது, நான் கேட்பதற்குள் பேச்சு மாறிவிட்டது. காலையில் வண்டி எடுக்கும்போது கிறீச் என்கிறது என்று சொன்னாளே, பிரேக்கைக் காட்டினாளா என்று கேள், தேய்ந்திருக்கும், நாளைக்கே காட்டச் சொல் என்று எழுதியிருக்கிறது. தயவுசெய்து காட்டிவிடு. இந்த ஞாயிறும் வழக்கம்போல் கூப்பிடு, என்ன வேண்டுமானாலும் தாராளமாகப் பேசு, இனிமேல் பக்கத்தில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா