மீன்கொத்தி தலையைத் திருப்பிய ஞாயிறு

என்னங்க,

இன்று காலை ஐஸ்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். சாக்கில் ஒட்டியிருந்த ஈர மரத்தூளின் வாசனை மூக்கில் ஏறியதும், யாருக்கு, எதற்கு என்று யோசிக்காமலே ஒரு கட்டி வாங்கி வந்துவிட்டேன். குளிர வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அது கரைவதைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

உங்களுக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, வாரத்தில் ஆறு நாள். ஏழாம் நாளாவது எனக்குப் புருஷனாக இருப்பீர்கள் என்று பார்த்தால், பூசை முடிந்து கோயில் உடுப்பைக்கூட மாற்றாமல், ஏலத்தில் எடுத்த அந்தக் கேமராவோடு கொல்லைக்குப் போய்விடுவீர்கள். கொடியில் காயும் என் சேலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வாய்க்கால் ஓரத்துக் கம்பில் வந்து உட்காரும் மீன்கொத்திக்காகக் காத்திருப்பீர்கள். எனக்குப் பொறாமைதான். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பல ஞாயிறுகள் வீணாகி, ஒரு நாள் படம் சரியாக விழுந்தது. கண்ணாடித் தகட்டை மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அலசுற தண்ணியக் குளிர வைக்க ஐஸ் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இதைத் தொடாத லா" என்று உங்கள் வழக்கமான 'லா' போட்டுச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் சும்மா இருந்தேனா? உதவி செய்கிறேன் பேர்வழி என்று, வெயிலில் கிடந்த வாளித் தண்ணீரில் தகட்டை முக்கி அலசினேன். சூட்டில் படம் ஓரம் சுருண்டு, பாலாடை போலக் கண்ணாடியை விட்டு நழுவி வாளியில் மிதந்தது.

நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்.

"கண்ணு மங்கிக்கிட்டே வருது புள்ள. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழுசாப் போறதுக்குள்ள என் கண்ணால பார்த்து ஒண்ணு எடுத்துடணும்னு நினைச்சேன்."

அதுவரை எனக்கு அது தெரியாது. அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த ஞாயிறு கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

"ஐயோ, எல்லாம் தலைகீழாத் தெரியுதுங்க!"

"அது அப்படித்தான் தெரியும். நீ அதோட கண்ணை மட்டும் பாரு. கண்ணு தெளிவா விழுந்தா எல்லாம் சரியா இருக்கும்."

நான் "இப்ப" என்றேன். நீங்கள் படம் பிடிக்கும் ரப்பர் குமிழை அமுக்கினீர்கள். அந்த நொடியில் பறவை தலையைத் திருப்பிவிட்டது. படத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கலங்கல்.

அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு தெரியுதா?" என்று கேட்டீர்கள்.

"தெரியுது" என்றேன்.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகம் முழுக்கக் காட்டினீர்கள். பார்த்தவர்களெல்லாம் "நல்லா இருக்கு அண்ணே" என்றார்களாம். நீங்கள் பூரிப்போடு வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

பார்வை முழுவதும் போய்விட்ட பிறகு ஒருநாள், காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்.

"அன்னைக்கு அது தலையைத் திருப்பிடுச்சுதானே?"

"யாருங்க சொன்னா?"

"நீதான். கத்திரிக்கா வாங்கின கதையையே அரை மணி நேரம் சொல்றவ, அன்னைக்கு ஒரே வார்த்தையில நிறுத்திட்டியே லா!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீங்கள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டீர்கள். "இனிமே எல்லாத்தையும் முழுசாச் சொல்லு. நல்லா இல்லாததையும் சொல்லு."

அதன்பிறகு நான் வாயை மூடவில்லை. ஜெலுத்தோங் கடலோரச் சேற்றில் கொக்கு வழுக்கியதையும், விழாததுபோல் அது நடந்துபோனதையும் சொன்னேன். குழந்தை மாதிரி கேட்டுச் சிரித்தீர்கள். அந்த நாட்களில்தான் நீங்கள் எனக்கே எனக்காக இருந்தீர்கள்.

கடைசி நாள் காலையிலும் ஜன்னல் கம்பியில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. அதன் மஞ்சள் வயிற்றைச் சொன்னேன், வளைந்த அலகைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்த நீங்கள் பாதியில் போய்விட்டீர்கள். மீதியை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அது உடனே பறக்கவில்லைங்க. நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்ததோ என்னவோ, சத்தம் போடாமல் நெடுநேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் போனது.