தனிக் கட்டில்

சிட்னி
10.6.1975

அன்புள்ள யோகா,

நீ அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. இரண்டு கிழமையில் தீர்ந்துவிடும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சமூகசேவைப் படிப்பின் களப்பயிற்சியில் பெரிய பிழை விட்டுவிட்டேன். இங்கே ரெட்பேர்ன் பகுதியில் டொறீன் என்ற, இந்நாட்டின் ஆதிக்குடிப் பெண்ணின் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத அனுப்பினார்கள். ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கட்டில் உண்டா?’ என்று படிவத்தில் இருந்தது. நான்கு பிள்ளைகளும் தாயோடு ஒரே மெத்தையில் படுக்கிறார்கள். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதைக் காட்டி வெள்ளிக்கிழமை கடைக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று காலை டொறீன் அலுவலக வாசலில் என்னை மறித்தாள். “உன் ஊரில் நீ எங்கே படுத்தாய்?” என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் ஐந்து சகோதரிகளும் அம்மாவோடு ஒரே அறையில் பாய் விரித்துத்தானே படுத்தோம்? நீ வந்தால் உனக்கும் அதில்தானே இடம்? இருபத்தேழாம் திகதி பிள்ளையைப் பற்றிய வழக்கு. என் அறிக்கை பிழையென்று அங்கே சொல்லப்போகிறேன்.

உன்,
இரஞ்சிதம்

மெல்போர்ன்
15.6.1975

அன்புள்ள இரஞ்சிதம்,

நீ பொய் எழுதவில்லையே! களப்பயிற்சியில் தவறினால் புலமைப்பரிசில் நின்றுவிடும், விசாவும் போய்விடும். இந்தப் படிப்பை உனக்குத் தேடித்தந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: “வேலியில போற ஓணானைப் பிடிச்சு ஏனடி மடியில கட்டுறாய்?” வெள்ளைக்காரருக்கும் ஆதிக்குடிகளுக்கும் இடையில் நாங்கள் யார்? நேற்று வந்தவர்கள். பட்டத்தை எடுத்தபிறகு நியாயம் பேசலாம்.

உன்,
யோகா

சிட்னி
28.6.1975

யோகா,

சொல்லிவிட்டேன். “ஏன் முதலில் அப்படி எழுதினாய்?” என்று நீதவான் கேட்டார். “படிவத்தை நிரப்பத்தான் படிப்பித்தார்கள். கேள்வி சரியா என்று நான் யோசிக்கவில்லை, அது என் குற்றம்” என்றேன். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. களப்பயிற்சியில் தவறிவிட்டேன் என்று பேராசிரியர் இன்றே எழுதிவிட்டார். ஊருக்குத்தான் திரும்பவேண்டும்.

நேற்று வந்தவர்கள் என்று எழுதியிருந்தாய். நேற்று வந்தவளின் கையெழுத்தில்தானே அந்தப் பிள்ளை போனாள்? உன்மேல் சரியான கோபம். நீயும் உன் வேலையில் இப்படியான படிவத்தைத்தானே அங்கே நிரப்புகிறாய்? மறைக்காமல் எழுது.

இரஞ்சிதம்

மெல்போர்ன்
4.7.1975

இரஞ்சிதம்,

பிள்ளை தாயிடம் திரும்பிவிட்டாள் என்ற உன் தந்தி கிடைத்தது. சந்தோஷப்படப் பார்த்தேன், முடியவில்லை.

ஓம், இப்படியான படிவந்தான். ஐந்து வருடத்தில் பதினொரு வீடுகளிலிருந்து என் கையெழுத்தில் பிள்ளைகள் போனார்கள். ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. எல்லாப் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. உன்னைப்போல் எழுந்து நின்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை, வேலையை விடவும் மனமில்லை.

நீ செய்தது சரி. அதனால்தான் கேட்கிறேன், இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

யோகேஸ்வரி