எழும்பாத கோடு

நவம்பர் 10, திங்கள்
விடாத தூறல். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள்.

நாளை காஞ்சிபுரத்தில் செயற்கைக் கை முகாம். எடுக்க வேண்டியவை: ஆதார், போட்டோ 2, ஆஸ்பத்திரிச் சீட்டு.

கம்பெனி சூப்பர்வைசர் போனில்: "கைய மாட்டிக்கினு வாய்யா. உன் பிரஸ் மிஷின் காலியாத்தான் கீது." நல்ல செய்தி சொல்வதாக நினைப்பு. என் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்ட மிஷின் அது. போனை வைத்ததும் வாந்தி. செல்வியிடம் வயிறு சரியில்லை என்றேன். பெண்டாட்டியிடம் பயம் என்று எப்படிச் சொல்வது.

நவம்பர் 11, செவ்வாய்
காலையில் செல்வி மொண்டிக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். "நாலு பேர் பாக்கற எடம்யா. தோலு இன்னா இப்பிடி வெளுத்துக்கினு கீது."

முகாமில் முழங்கைக்குக் கீழே இரண்டு வில்லை ஒட்டினார்கள். தசை இறுகும்போது ஓடுகிற மின்சாரத்தை அது பிடிக்குமாம். கம்ப்யூட்டரில் கோடு எழும்பினால்தான் கை கிடைக்கும். சோதித்தது சின்னப் பெண். "விரல மடக்குறதா நெனைங்கண்ணா."

இல்லாத விரல் ஐந்தும் எனக்குத் தெரிகிறது. மடக்கவில்லை. முகத்தை மட்டும் சுளித்துக் காட்டினேன். கோடு படுத்தே கிடந்தது.

"எண்ணெய் தடவிருக்கீங்களா? தொடச்சும் போகல, அதனாலகூட இருக்கலாம். அடுத்த திங்கள் வாங்க. அப்பவும் சிக்னல் வரலன்னா கஷ்டம்ண்ணா."

செல்வி முகம் செத்துப்போனது.

நவம்பர் 14, வெள்ளி
கொஞ்சம் வெயில். புண்ணாக்கு வாங்க வேண்டும். செல்வி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டில் அழுகிறாள்: "நாந்தான்க்கா எண்ணெய தடவிக் கெடுத்துட்டேன். பாவி நானு." வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன ஈனப் பிறவி நான்.

நவம்பர் 17, திங்கள்
மழை. செல்வி என் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். தோல் சிவந்துவிட்டது.

கோடு எழும்பவில்லை. எழும்பவிடவில்லை. "சாரிண்ணா" என்று அந்தப் பெண் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கம்பி எட்டாமல் செல்வி என் மொண்டிக் கையை முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்புலிவனத்துக்கு முன்னால் மாடு குறுக்கே வர, சடன் பிரேக். செல்வி சாய்ந்தாள். அவளைப் பிடிக்க இல்லாத விரல்கள் மடங்கின. அவள் உள்ளங்கைக்கு அடியில் தசை திரண்டு துள்ளியது.

என் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். உத்திரமேரூர் வரும்வரை எதையும் பிடிக்காமலே நின்று வந்தாள்.